ஏரி விழுங்கிய கடல் கருவி

கடலுக்குச் செய்த கருவியை மலைமேல் தூக்கிவந்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் இழுத்துப் போனால், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி எங்கே எவ்வளவு இருக்கிறதென்று அது அளக்கும். தூத்துக்குடி வெயிலில் சோதிப்பானேன், அட்டுவம்பட்டி மாமியார் வீட்டுக்குப் போகிற சாக்கில் கொடைக்கானல் ஏரியில் சோதிக்கலாமே என்பது என் மூளை. நாளை மறுநாள் கப்பல் கிளம்புகிறது. இருப்பதோ ஒரே கருவி.

கரையிலேயே படகுக்காரர் செல்லையா கேட்கிறார்: "சார், கயித்த நான் கட்டவா?"

"பத்து வருசமா கடல்ல கட்டுறவன்ணே நான்!"

நடு ஏரியில் கருவி நீருக்கடியில் பாசிக்கொடியில் சிக்குகிறது. வெடுக்கென்று ஓர் இழுப்பு, கயிறு லேசாகிவிடுகிறது. இழுத்தால் முடிச்சு அவிழ்ந்த நுனி மட்டும் வருகிறது.

சாரலில் நனைந்துகொண்டு ஒரு மணி நேரமாகக் கொக்கி போட்டுத் துழாவுகிறோம். பாசியை அளக்க வந்தவனுக்குக் கூடை கூடையாகப் பாசி கிடைக்கிறது. பனி மூடிக் கரையே தெரியவில்லை. கப்பலில் எனக்காகக் காத்திருப்பவர்களிடம் என்ன சொல்வேன்?

"ஏண்ணே, என் முடிச்சு நிக்காதுன்னு அப்பவே தெரியுமா?"

செல்லையா படகைக் கரைப்பக்கம் திருப்புகிறார்.

"அதுக்குத்தான் சார் கேட்டேன்."