வழியனுப்பத் தெரியாத வாப்பா

லடாக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்த செய்தி மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த அன்றைக்கே, வீட்டுக்குப் போர்வைகள் வர ஆரம்பித்துவிட்டன. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது தங்கம் வாங்க முடிந்ததோ இல்லையோ, புலிப்படமோ ரோஜாப்படமோ போட்ட கனத்த போர்வை ஒன்று கட்டாயம் வந்துவிடும். சித்திரையில் சுவரைத் தொட்டாலே கை சுடுகிற ஊரில் அதை யார் போர்த்துவது? ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையோடு பீரோவுக்கு மேலே ஏறிவிடும். அப்படி வருஷக்கணக்காக அடைந்து கிடந்த புலிகளுக்கெல்லாம் என்னால் விடிவுகாலம் பிறந்தது.

"இங்கன கெடந்து என்னத்துக்கு ஆவுது? நீ கொண்டு போளா" என்று பக்கத்து வீட்டு மாமி ஒன்றைத் திணித்தார். எதிர்வீட்டு மாமி, தன்னுடையதுதான் அசல் கொரியா, மற்றதெல்லாம் டூப்பு என்றார். ஒரு புலியை உள்ளே விட்டதுமே என் பெரிய பெட்டி நிறைந்துவிட்டது. துணிமணிகளைக் கையில்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது.

தெருவே சேர்ந்து என்னை அனுப்பத் துடித்தபோது, வாப்பா மட்டும் சரி என்று சொல்லவில்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும். நிரந்தர வேலை என்பது ஒரு பக்கம். தாமிரபரணி வற்றியும் பார்த்திருக்கிறேன், வெள்ளமாக வந்து தெருவுக்குள் நுழைந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆறு உறைந்து நிற்கிற ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். ஆனால் வாப்பா வேண்டாம் என்று ஒரேயடியாக நின்றுவிட்டால் மீறிப் போக மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். என் வீராப்பெல்லாம் மாமிமார்களிடம்தான்.

அவர் சொன்ன காரணங்கள் நாளுக்கு நாள் மாறின. முதலில் குளிர் என்றார். காதுமூடியிலிருந்து காலுறைவரை வாங்கி வந்து காட்டினேன். அடுத்து, அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டும் என்றார். டாக்டரிடம் நெஞ்சைக் காட்டி, ஒரு குறையும் இல்லை என்று கேட்டு வந்தேன். கடைசியாக, மாப்பிள்ளை வீட்டிலிருந்து கேட்டு வந்தால் என்ன சொல்ல என்றார்.

"கட்டிக்கிடப் போறவன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அங்கன வரட்டும்" என்றேன். உம்மா சிரித்துவிட்டாள். வாப்பா சிரிக்கவில்லை.

ரயிலுக்கு முதல்நாள், ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டபின், உம்மா பெட்டி அடுக்க உட்கார்ந்தாள். வாப்பா வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் அவருக்கு அடுக்கிப் பழகிய கை அது. பொடிகளுக்கு இரட்டை உறை, உடன்குடிக் கருப்பட்டிக்குத் தாள் சுற்றி மேலே துணி, ஊறுகாய் பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் தாள் என்று அதுபாட்டுக்கு வேலை நடந்தது. வாப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

திடீரென்று, "நான் இப்பதானளா வந்தேன்" என்றார்.

நானும் உம்மாவும் நிமிர்ந்து பார்த்தோம்.

"போன பெருநாளோட எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு வந்தேன். இனி பிள்ளையோட இருக்கலாம்னு வந்தேன். இவ கெளம்புதா."

அவ்வளவுதான் விஷயம். குளிரும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பிறந்ததிலிருந்து நான் அவரை லீவுக்கு வந்து போகிற ஆளாகத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு எந்த மீன் பிடிக்கும், காலையில் எழுந்ததும் யாரும் என்னிடம் பேசக் கூடாது என்பதையெல்லாம் இந்தச் சில மாதங்களில்தான் அவர் தெரிந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகவில்லை வாப்பா என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

உம்மா முந்திக்கொண்டாள். "நீங்க ஒவ்வொரு தடவ கெளம்பும்போதும், போவாதீங்கன்னு நான் சொல்லியிருக்கனா?"

வாப்பா யோசித்தார். "இல்ல. ஒருக்கா சொல்லியிருந்தாலும் நின்னுருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

சொல்லிவிட்டு அவள் ஊறுகாய் பாட்டிலை இறுக்கி மூடினாள். வாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் கலங்காமல் கையாட்டி அனுப்பியதை இத்தனை வருஷமாக என்னவென்று நினைத்திருந்தாரோ, அது அவருக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துப் பைய எழுந்து வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்தப் புலிய வெளிய எடு. அங்க போயி நல்லதா ஒண்ணு வாங்கிக்கிடலாம். நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி?"

உம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் வாப்பா பெட்டியோடு எனக்கு முன்னால் ரயிலில் ஏறினார். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். இதுவரை எல்லாப் பயணத்திலும் கிளம்பியவர் அவர்தான். கீழே நின்று அனுப்பிப் பழக்கமே இல்லை. "வண்டி எடுக்கப் போவுது, நீங்க எங்க போறீங்க, எறங்குங்க!" என்று உம்மா பிளாட்பாரத்திலிருந்து சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தார். கீழே இறங்கியும் கையை ஆட்டத் தோன்றாமல் நின்றார். வண்டி நகர்ந்தபின் உம்மா அவர் கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினாள். அதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

வண்டி கோவில்பட்டியைக்கூடத் தொடவில்லை, வாப்பாவிடமிருந்து போன் வந்தது. பெட்டி பத்திரமா, சாப்பிட்டாயா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"லீவு எப்பம்மா?" என்றார் கடைசியாக.

சிறுபிள்ளையில், அவர் போய் இறங்கிப் பேசுகிற முதல் போனிலேயே, உம்மா கையிலிருந்து பிடுங்கி நான் கேட்கிற கேள்வி அது. அடுத்த லீவுக்கு வருஷக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தும், ஒரு தடவைகூடச் சலிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்.

"இந்தா வந்துருதேன் வாப்பா" என்றேன்.