ஓடாத படத்துக்குப் பொறுப்பாளி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். நான் இடதுகைக்காரன். பள்ளிக்கூடத்தில் வலது கையால்தான் எழுத வேண்டும் என்று பழக்கினார்கள். அது பழகி முடிவதற்குள் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதனால் எனக்கு எழுதுவது மட்டும் வலது கை, மற்ற எல்லாம் இடது கை. எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நடந்ததை மட்டும் மாற்றக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கீழ்க்கட்டளையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், புங்க மரத்தடியில், நானும் என் மனைவியும் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறோம். கரிப்பெட்டி போய் இப்போது கேஸ் பெட்டி வந்துவிட்டது. சட்டை, பேன்ட், சீருடை, படுக்கை விரிப்பு எல்லாம் நான் போடுவேன். சேலை அவள் வேலை. மாடி ஏறித் துணி வாங்குவதும், திருப்பிக் கொடுப்பதும், வீட்டுக்காரர்களிடம் பேசுவதும் அவள்தான். எனக்குப் பேச வராது. யாராவது வண்டிக்கு முன்னால் வந்து நின்றால், துணியைப் பார்த்தபடியே தலையை ஆட்டுவேன். பல பேர் என்னை ஊமை என்றே நினைத்திருந்தார்கள்.

மகள் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து புதுப் போன் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்தாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. சினிமாக் கம்பெனி நடத்தும் விளையாட்டு. முதலில் ஒரு காலி மனை, ஒரு கேட், ஒரு சின்னக் கொட்டகை. அவ்வளவுதான் நம்முடையது. கேட்டுக்கு வெளியே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவரை விரலால் தொட்டு இழுத்து உள்ளே விட்டால் அவர் நடிகர். இன்னொருவரை வேறு அறைக்கு இழுத்தால் கதை எழுதுகிறவர். பிறகு செட் போடும் பட்டறை, துணிமணி அறை, ஓய்வெடுக்கும் அறை என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போகலாம்.

எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது படிக்க வராது. நிறத்தையும் படத்தையும் வைத்தே கற்றுக்கொண்டேன். தலைக்கு மேல் பச்சைக் கோடு இருந்தால் ஆள் தெம்பாக இருக்கிறார். சிவப்பு வந்தால் சலித்துவிட்டார், விட்டால் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார். அழுகிற முகம் போட்ட கதையும் சிரிக்கிற முகம் போட்ட கதையும் உண்டு. எந்தக் கதைக்கு எந்த நடிகை என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதில் என்ன இருந்தது என்று கேட்டால் இப்படித்தான் சொல்ல முடியும். நான் வாயைத் திறக்காமலே இருநூறு பேர் நான் சொன்னபடி நடந்தார்கள். ஒருவர்கூட, "என்னப்பா, பதில் சொல்ல மாட்டியா?" என்று கேட்கவில்லை.

எரிச்சலும் நிறைய இருந்தது. நான் ஆசையாக எடுத்த படங்கள் எல்லாம் விழுந்தன. என்ன தப்பு என்று அந்த விளையாட்டு ஒருநாளும் சொல்லாது. பத்துக்கு இத்தனை என்று ஒரு எண் மட்டும் வரும். நல்ல கட்டத்தில் சோப்பு விளம்பரம் குறுக்கே வரும். நாம் வளர்த்துவிட்ட நடிகை திடீரென்று முகத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய வண்டி வேண்டும் என்று உட்கார்ந்துவிடுவாள். எல்லாவற்றையும்விட, எடுத்த படத்தைப் பார்க்கவே முடியாது. நாற்பது படத்துக்கு மேல் எடுத்திருக்கிறேன், ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஒரு போஸ்டர் வரும், அத்தோடு சரி. மீதிப் படத்தைச் சட்டைக் காலர் போடும்போது நானே மனதுக்குள் ஓட்டிக்கொள்வேன்.

படம் விழுந்தால் மூன்று பொத்தான்கள் வரும். ஒன்றில் கம்பெனியின் கேட் படம் இருக்கும், இன்னொன்றில் டைரக்டர் முகம், மூன்றாவதில் நடிகை முகம். யார் பொறுப்பு என்று நாம் ஊருக்குச் சொல்ல வேண்டும். கேட்டை அமுக்கினால் கம்பெனியின் நட்சத்திரம் ஒன்று போய்விடும். முகத்தை அமுக்கினால் அந்த ஆளின் நட்சத்திரம் போகும், கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. நான் கேட்டை ஒருமுறைகூட அமுக்கியதில்லை.

வண்டிக்குப் பக்கத்து ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்காரர் ஒருவர் இதை எட்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"இன்னா புரொடியூசர் சார், இன்னிக்கு ஷூட்டிங் எங்க?"

நான் சிரிப்பேன். மனைவி, "அது வாயே தொறக்காது, அதப் போயி புரொடியூசருன்றியே" என்பாள். அவர் சும்மா கேலிக்குச் சொல்கிறார், நான் போனில் பாட்டுக் கேட்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இரண்டாவது மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சேலைகளை என் மனைவி ஒருத்தியிடம்தான் கொடுப்பார். "உன் கையில குடுத்துட்டா நான் மறந்துடலாம்மா" என்று அவர் ஒருமுறை சொன்னதை என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் கொடுத்தது பட்டும் பருத்தியும் கலந்த வெளிர்நீலச் சேலை. வேலையிலிருந்து விடைபெற்ற நாளில் கட்டியது.

அடுத்த பிளாக்கில் துணி வாங்கப் போகும்போது மனைவி சொன்னாள்: "அந்த நீல சேலையத் தொடாத. நான் வந்து போட்டுக்கறேன்."

நான் தொட்டேன். அவளுக்கு ஒரு வேலை மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. சேலை முடிந்துவிட்டால் அவள் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்புவாள், நான் தனியாக இருக்கலாம். அன்றைக்கு என் படம் ஒன்று வெளியாகிற நாள். பழைய நடிகை ஒருத்திக்காக நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்த அழுகைக் கதை.

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தேன். மணி அடித்தது. வலது கையால் போனை எடுத்தேன். இடது கையில் பெட்டி இருந்தது, அதை நிமிர்த்தி வைக்கவில்லை. பத்துக்கு மூன்று என்று வந்தது. மூன்று பொத்தான்கள் வந்தன. டைரக்டர் முகத்தை அமுக்கினேன். அப்போதுதான் வாசனை வந்தது.

பெட்டியின் மூக்கு அளவுக்குப் பழுப்பாக ஒரு தழும்பு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துணி பொசுங்கினால் மடிக்கக் கூடாது. பொசுங்கிய இடம் மேலே தெரியும்படி போட்டு, வீட்டுக்காரரிடம் நாமே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். திட்டு விழும். ஆனாலும் அடுத்த வாரம் மூட்டை வரும். மடித்து உள்ளே வைத்தால் அந்த வீடு போய்விடும்.

நான் மடித்தேன். தழும்பு நடுவில் போகும்படி பார்த்து மடித்து, கொடுக்க வேண்டிய அடுக்கில் வைத்தேன். மனைவி திரும்பி வந்து அடுக்கைப் பார்த்தாள். "போட்டுட்டியா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் அந்த அம்மா சேலையோடு கீழே வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சேலையை வண்டிமேல் பாதி பிரித்து வைத்தார்.

"தவறிடுச்சுன்னா சொல்லியிருக்கலாமேம்மா. மடிச்சு உள்ள வச்சுக் குடுத்திருக்கியே. உன்கிட்ட இத நான் எதிர்பாக்கல."

என் மனைவி சேலையைப் பார்த்தாள். பிரிக்காமல் கிடந்த பாதியைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். நான் பெட்டியின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என் தப்புதாங்கக்கா. கண்ணு அசந்துட்டேன். பயந்துகினு மடிச்சு வச்சுட்டேன்" என்றாள்.

பேச வேண்டிய இடம் அதுதான். நாக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். நான் பேசாதவன் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். பணம் கொடுக்கிறோம் என்று மனைவி சொன்னதற்கு, அந்த அம்மா வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து சேலை வரவில்லை.

மனைவி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதற்குப் பதிலாக வேலையை மாற்றினாள். பட்டு, ஜரிகை, மெல்லிய துணி எதையும் என் பக்கம் வைப்பதில்லை. எனக்குச் சீருடையும் விரிப்பும் மட்டும்தான். தன் கோபத்தை இப்படிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். திடீர் திடீரென்று எதையாவது படிக்கச் சொன்னாள்.

"தோ போது பாரு பஸ்ஸு. போர்டுல இன்னா நம்பர் கீது, சொல்லு."

சொன்னேன்.

"அந்தக் கடை போர்டு?"

அதையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். "இன்னாத்துக்குக் கேக்கற?" என்றால், "சும்மாதான்" என்றாள்.

ஆட்டோக்காரர், "இன்னாக்கா, புரொடியூசருக்குப் பரீச்சையா? பெயிலாக்கி வுட்டுடாத" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் என்று என்னை அழைத்துப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வரிசையில் நிற்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சொட்டு மருந்து விட்டு, எழுத்துப் பலகை காட்டி, விளக்கு அடித்துப் பார்த்தார்கள். பரிசோதித்த டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"தூரப் பார்வை நல்லா இருக்குங்க. வயசுக்குத்தான் கிட்டப் படிக்க ஒரு கண்ணாடி. வேற ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாருங்கம்மா. துணி பொசுங்கறதே அவருக்குத் தெரியல" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் மறுபடியும் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள்.

வெளியே வந்ததும் என் மனைவி மண்டபத்துப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததும்தான் பேசினாள்.

"பயந்தே பூட்டேன்யா. ஒன் மடிப்பு எனக்குத் தெரியாதா? ஒங்கையி எடது கை, மடிப்பு அந்தாண்ட தொறக்கும். அது அக்கா வூட்ல பொசுங்கல, நீ மடிச்ச மடிப்புதான்னு சேலையப் பொரட்னப்பவே தெரிஞ்சுபோச்சு. கண்ணு பூடுச்சு, சொல்லக் கூச்சப்பட்டுகினு மறைக்கிறன்னு நெனச்சேன். நாலு பேரு முன்னால ஒன்னிய இன்னான்னு கேக்கறது? சரி, நம்ம தலயோட போவட்டும்னு வுட்டுட்டேன்."

அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல செய்தி கேட்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. அதோடு விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கண் நன்றாக இருக்கிறது, சேலை பொசுங்கியது ஏதோ கெட்ட நேரம் என்று அவளே சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு இன்னொரு முகம் அமுக்கக் கிடைத்த மாதிரி இருந்தது. இந்த முறை அந்த முகம் கெட்ட நேரம்.

சேலையூர் தாண்டியதும் போனை எடுத்து அவள் மடியில் வைத்தேன். விளையாட்டைத் திறந்து காட்டினேன்.

"கண்ணு இல்ல. அன்னிக்கு இதத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றேன்.

அவள் அந்தக் கேட்டையும் வெளியே நின்ற வரிசையையும் பார்த்தாள். முழுதாகச் சொன்னேன். பெட்டியை நிமிர்த்தாதது, தெரிந்தே மடித்தது, பிடியைத் துடைத்தது எல்லாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். செம்பாக்கம் போனது. மேடவாக்கம் வந்து கூட்டம் ஏறியது. 

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டாள்: "அந்தப் படம் ஓடிச்சா?"

"ஓடல."

"நல்லா வேணும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்தக்காகிட்ட நீ போய்ச் சொல்லு. நான் கூட வரமாட்டேன். எம்பேர நீதான் கெடுத்த, நீதான் போயி மீட்டுகினு வரணும்."

மறுநாள் இரண்டாவது மாடிக்குப் போனேன். துணிக்காகக்கூட நான் ஏறாத படிகள். முதல் தடவை மணி அடிக்காமலே இறங்கிவிட்டேன். வண்டியில் அவள் தலையைத் தூக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு போனேன். அந்த அம்மா கதவைத் திறந்ததும் காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "எழுத்து புரியலையேப்பா, என்ன சொல்லணும்?" என்று கேட்டார்.

"ஒங்க சேலையப் பொசுக்கினதும் நான்தாம்மா, மடிச்சு வச்சதும் நான்தான். அவ இல்ல. எனக்காக ஏத்துகினா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ பேசுவியா?" என்றார். பிறகு, "இத அன்னிக்கே அவ பக்கத்துல நின்னு சொல்லியிருக்கலாமே" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அந்த வீட்டிலிருந்து இன்னும் சேலை வரவில்லை. ஆனால் போன வாரம் அந்த அம்மா காய் வாங்கிக்கொண்டு போகும்போது வண்டிப் பக்கம் நின்று, "நல்லா இருக்கியாம்மா?" என்று என் மனைவியைக் கேட்டார். அவள், "இருக்கேங்கக்கா" என்றாள். அன்று முழுவதும் அவள் கை வேகமாக ஓடியது. எனக்கு இன்னும் விரிப்பும் சீருடையும்தான்.

விளையாட்டை நான் அழிக்கவில்லை. அழித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. வண்டியை மூடிய பிறகு வீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் திறக்கிறேன். "அந்தப் பொம்பளைய இன்னாத்துக்கு வெயில்ல நிக்க வச்சிகீற, உள்ள வுடேன்" என்பாள். போன படமும் விழுந்தது. மூன்று பொத்தான்கள் வந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டை அமுக்கினேன். நட்சத்திரம் ஒன்று போனது. அவள் எழுந்து உலை வைக்கப் போனாள்.

அந்த அம்மாவுக்குப் புரியாமல் போன நாலு வரியைத் திருத்தி எழுதலாம் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன். இவ்வளவு வந்துவிட்டது. காலையிலிருந்து மழை விடவில்லை, வண்டி போடவில்லை. இன்று கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.