முப்பத்திரண்டா முப்பத்தைந்தா

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கும் வஜீதாவின் லேஸ், பொத்தான் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு தையல் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலி அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு. சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர்கள் அங்கே கிடையாது. வேதா அந்தக் கடையில் இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறாள். கல்யாணம் என்று ஒன்று நடந்தது. எட்டு மாதத்தில் அது இல்லையென்றும் ஆனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம். கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதில்தான் அடுப்பும். ஒரு ஆளுக்கு ஆக்கிய சோறு ருசிக்காது என்பார்கள். அது பொய். ருசிக்கத்தான் செய்கிறது. ருசித்தது என்று யாரிடம் சொல்வது, அதுதான் இல்லை.

அவளிடம் தடித்த அளவு நோட்டு ஒன்று உண்டு. வழக்கமாக வருகிற ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் அதில் ஒரு பக்கம். நடுப் பக்கம் மட்டும் அபிநயாவுக்கு. அபி, தம்பி திருமலையின் மகள். திருமலையும் அவன் பெண்டாட்டி மதிவதனியும் வேலைக்குப் போனவர்கள். அதனால் குழந்தை மூன்றாம் மாதத்திலிருந்து ஆறு வயதுவரை வளர்ந்தது வேதாவின் வெட்டு மேசைக்கு அடியில்தான். துணிக் கத்தரிப்புகளில் தூங்கி, நூல்கண்டை உருட்டி, அங்கேயே பேச்சும் வந்தது. வருடா வருடம் கார்த்திகை தீபத்துக்கு அத்தை பட்டுப்பாவாடை தைப்பாள். தைப்பதற்கு முன்னால் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை டேப்பை விட்டு அளந்து நோட்டில் ஒரு வரி எழுதுவாள். அப்படி ஆறு வரி.

பிறகு திருமலைக்கு ஓசூரில் வேலை கிடைத்தது, போனார்கள். முதல் தீபத்துக்கு லீவு இல்லை. அடுத்த வருடம் காரணம் சொல்லவுமில்லை, இவள் கேட்கவுமில்லை.

இந்த வருடம் ஐப்பசியில் மதிவதனி போன் செய்து, தீபத்துக்கு வருகிறோம், சாயங்காலம் தீபம் பார்த்ததும் கிளம்பிவிடுவோம் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவாடை தைப்பதாக இருந்தால் அளவு எடுத்து அனுப்பட்டுமா என்றும் கேட்டாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பாள்.

"அபிக்கு அளவு நீ எடுத்து நான் தைக்கறதா? எனக்குத் தெரியாத அளவா மதி?" என்றாள் வேதா.

"சரிங்க அண்ணி. சரியா வரலைன்னாலும் பரவால்ல, ரெடிமேட் ஒண்ணு கையில எடுத்துனு வர்றேன். நீங்க சிரமப்படாதீங்க."

போனை வைத்த பிறகுதான் வேதாவுக்குச் சுருக்கென்றது. வாய் கொடுத்தாகிவிட்டது. மூன்று வருடமாகக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அளவு கேட்காமல் தைக்க வேண்டும். பாவாடை பொருந்தினால் அவள் அத்தை. பொருந்தாவிட்டால் ரெடிமேட் பையைத் திறப்பார்கள், இவள் தீபத்துக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரி.

அன்று மத்தியானம் நோட்டைப் பிரித்தாள். ஒரு வயதில் பதினாலு அங்குலம். பிறகு பதினெட்டு, இருபத்தொன்றரை, இருபத்துநாலரை, இருபத்தேழு, ஆறு வயதில் இருபத்தொன்பது. அதற்குக் கீழே வெறும் கோடு.

வேதா படித்தது எட்டாவது. ஆனால் டேப் பிடிக்கிற கைக்குக் கணக்கு வராமல் போகாது. பாவாடையில் இரண்டு கணக்கு உண்டு: சுற்றளவு மடங்கில் போகும், நீளம் கூட்டலில் போகும். இடுப்பு எவ்வளவோ அதைப்போல மூன்று மடங்கு துணி விட்டால்தான் கொசுவம் நிறைந்து நிற்கும். குழந்தைக்கும் அதே மூன்று, கல்யாணப் பெண்ணுக்கும் அதே மூன்று. இடுப்பை நாடா போட்டு இறுக்கிக்கொள்ளலாம், அங்கே பயமில்லை. நீளத்தில்தான் மானம் போகும்.

இருந்தாலும் முதலில் நீளத்தையும் மடங்கில் போட்டுப் பார்த்தாள். பதினாலு பதினெட்டானது ஒன்றேகால் மடங்குக்கும் கொஞ்சம் மேலே. பதினெட்டு இருபத்தொன்றரை ஆனது அதைவிடக் குறைவு. அடுத்தது இன்னும் குறைவு. குறைகிறதே தவிர ஒரு ஒழுங்கு பிடிபடவில்லை. சரியென்று பக்கத்துப் பக்கத்து வரிகளைக் கழித்தாள். ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் ஏத்தம் என்பாள். முதல் ஏத்தம் நாலு. அடுத்தது மூன்றரை. பிறகு மூன்று, இரண்டரை, இரண்டு. படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படிக்கும் அரை அங்குலம் குறைவு. இத்தனை வருடம் எழுதி வைத்தும் இதைப் பார்க்காமல் போனோமே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பிள்ளை எங்கே இருந்தால் என்ன, பிள்ளையின் வழி இந்தத் தாளில் இருக்கிறது. அடுத்த ஏத்தங்கள் ஒன்றரை, ஒன்று, அரை. மூன்றும் சேர்ந்து மூன்று அங்குலம். இருபத்தொன்பதும் மூன்றும் முப்பத்திரண்டு.

சுவரில் தரையிலிருந்து முப்பத்திரண்டு அங்குல உயரத்தில் ஓர் ஆணி அடித்து, பழைய பாவாடைத் துணியொன்றை அதில் மாட்டிவிட்டாள். விளிம்பு தரையைத் தொட்டது. அபியின் இடுப்பு ஏறக்குறைய இந்த உயரத்தில் இருக்கும். அப்படியானால் தலை இங்கே வரும். கையை உயர்த்தி அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் அந்தத் துணிக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

ஊசி நூல் வாங்கப் போனபோது பெருமை தாங்காமல் வஜீதாவிடம் சொல்லிவிட்டாள். வஜீதா அவள் கணக்கு எழுதியிருந்த காகிதத்தை வாங்கி விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தாள். அவளுக்கும் முழம் போட்டு லேஸ் விற்றுக் கணக்கு கெட்டி.

"சரிக்கா, ஒம்பது வயசுக்கு அரை இன்ச்சு ஏத்தம். பத்துக்கு?"

"பத்துக்கு..." வேதா காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. பதினொண்ணுல அரை இன்ச்சு குள்ளமாயிடுவா. அப்படியே போனா, கல்யாணத்துக்குள்ள மறுபடியும் உன் மேசைக்கு அடியில வந்து தூங்குவா பாரு."

வஜீதா சிரித்தாள். வேதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் மேசைக்கு அடியில் என்ற சொல் அவளை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. அப்படி ஒரு கணக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

வஜீதா அதோடு விடவில்லை. வேலூரில் காலேஜ் படிக்கிற தன் மகள் சானியாவின் பக்கத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். சானியாவும் வேதா தைத்து வளர்ந்தவள். அவளுக்கும் ஆரம்பத்தில் நாலு, மூன்றரை என்றுதான் குறைந்து வந்திருந்தது. ஆறு வயதில் இரண்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு குறையவேயில்லை. இரண்டு, இரண்டு, இரண்டு என்று நின்றது. வேதா வேறு நாலு பிள்ளைகளின் பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் அப்படித்தான். அந்தக் கணக்குப்படி அபிக்கு ஏத்தம் ஆறு. இருபத்தொன்பதும் ஆறும் முப்பத்தைந்து.

முப்பத்தைந்தில் இன்னோர் ஆணி அடித்தாள். துணியைப் பழைய ஆணியிலேயே விட்டுவிட்டாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு வழி, தன் பிள்ளை தனி வழி என்று நினைக்காத வளர்த்தவள் உண்டா? அபியின் வரியில் இருந்த அந்த அழகான அரை அரையை விட அவளுக்கு மனம் வரவில்லை. முப்பத்தைந்து என்று ஒப்புக்கொண்டால், தன் கண் படாமல் பிள்ளை இவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியில் தொழில்தான் வழி சொன்னது. பட்டுப்பாவாடையின் அடியில் சரிகைக் கரை இருப்பதால் கீழே மடித்து வைக்க முடியாது. அதனால் கரைக்கு மேலே மடிப்புப் பிடித்து டக்கு தைப்பார்கள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். வேதா முப்பத்தைந்துக்கு வெட்டினாள். மூன்று அங்குலத்தை டக்குக்குள் மறைத்து முப்பத்திரண்டு ஆக்கினாள். மாம்பழ நிறப் பட்டு, பச்சைக் கரை. டக்கு இருப்பதே தெரியாத மாதிரி சன்னத் தையல்.

தீபத்தன்று பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டதால் நடந்தே வந்தார்கள், மத்தியானம் ஒரு மணிக்கு. முதலில் திருமலை, பிறகு மதிவதனி, அவளுக்குப் பின்னால் ஒரு பெண். யார் இந்தப் பெண் என்று வேதா நினைத்தது ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அபி ஜீன்ஸ் போட்டிருந்தாள். அத்தை என்று சொல்லிச் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். சாப்பாடு ஆனதும், போட்டுப் பாரு என்று மதிவதனியே பாவாடையை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை பின்னறையில் மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பச்சைக் கரை கணுக்காலுக்கு நாலு அங்குலம் மேலே தொங்கியது. மதிவதனி ரெடிமேட் பைக்குள் கை விடவில்லை. அவள் நல்லவள்.

வேதா தரையில் உட்கார்ந்து பிளேடால் டக்கைப் பிரித்தாள். நூல் படபடவென்று விட்டது. கரை இறங்கியது. இன்னும் ஒரு அங்குலம் போதவில்லை.

அபியிடம் பாவாடையைக் கழற்றச் சொல்லி, இடுப்புப் பட்டிக்கு மேலே வெள்ளைக் காடாத்துணியில் ஒரு அங்குலம் ஒட்டுப்போட்டாள். சட்டைக்குள் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. மிஷின் ஓடிய நேரம் முழுக்க அவள் தலை நிமிரவில்லை. தைத்து முடித்து, அபியை நிற்கவைத்து, மூன்று வருடத்துக்குப் பிறகு டேப்பை விட்டாள். முப்பத்தாறு.

நோட்டில் எழுத வந்தபோது பென்சில் நின்றது. ஆறு வயதுக்கு இருபத்தொன்பது, ஒன்பது வயதுக்கு முப்பத்தாறு. நடுவில் ஏழு அங்குலம். ஏழை மூன்று வருடத்துக்குப் பங்கு போட எத்தனையோ வழி இருக்கிறது. இரண்டு, இரண்டு, மூன்றா? மூன்று, இரண்டு, இரண்டா? எந்த வருடம் பிள்ளை குதித்தாள்?

"போன வருஷம் எவ்ளோ இருந்திருப்பா, மதி? அதுக்கு முந்தின வருஷம்?"

மதிவதனி யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"யாரு அண்ணி அதெல்லாம் அளக்கறாங்க? பத்தலைன்னா புதுசு எடுப்போம்."

இரண்டு வரியைக் காலியாக விட்டு முப்பத்தாறை எழுதினாள். சாயங்காலம் எல்லாரும் மாடியேறி நின்றார்கள். மலைமேல் தீபம் தெரிந்ததும் தெரு முழுக்க அரோகரா என்றது. அபி அந்தப் பாவாடையோடுதான் நின்றாள், போனில் படம் எடுத்தாள். ஜீன்ஸுக்கு மாறியபிறகு பாவாடையை வேதாவே மடித்துப் பையில் வைத்தாள். மடிக்கிறபோது தன் பழைய டேப்பைச் சுருட்டி அதன் நடுவில் வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. பார்த்தால் புரிந்துகொள்வார்கள், அளந்து சொல்வார்கள் என்று நினைத்தாள். வாய் திறந்து கேட்பதற்கு அது ஒரு மாற்று.

மார்கழி போனது. பொங்கலுக்கு வாழ்த்து வந்தது, அளவு வரவில்லை. மாசியும் போனது. அபிக்குப் பங்குனியில் பிறந்தநாள். வேதா இரண்டு ஆணியையும் பிடுங்கிவிட்டு, நோட்டைத் திறந்து, அடுத்த ஏத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்தாள். போட முடியவில்லை. இரண்டு காலி வரிக்கு மேல் ஏறி நின்று அடுத்த படியைத் தேட முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை எடுத்தாள். அபிதான் பேசினாள்.

"அபி, அத்தை பேசறேன்மா. பாவாடைக்கு ஒரு அளவு வேணும். அன்னிக்கு என் டேப்பு வெச்சு அனுப்பினேனே."

"எந்த டேப்பு அத்தை?"

"அந்தப் பாவாடை மடிப்புக்குள்ள சுருட்டி வெச்சேன்."

"ஓ. அது..." பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "அதை இன்னும் பிரிக்கவே இல்ல அத்தை. பீரோவுல மேல் தட்டுல இருக்கு."

வேதா பென்சிலை நோட்டின் அடுத்த வரியில் வைத்தாள்.

"பரவால்ல. இப்ப பிரிச்சு அளந்து சொல்லு. நான் இருக்கேன்."

போனை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. குக்கர் விசில் அடித்தது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. எட்டவில்லை போலிருக்கிறது, ஏறித்தான் எடுக்க வேண்டும். பிறகு பீரோ கதவு. வேதா போனைக் காதில் அழுத்திக்கொண்டு, எழுதாத வரியைப் பார்த்தபடி இருந்தாள்.