படத்துக்கு நிற்காத பிள்ளை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனால்தான் பழைய மாணவர் சங்கத்துக்குப் பொருளாளர் ஆனேன். வன்னியில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, ஜெர்மனியில் டுசல்டோர்ஃபிலும் அக்கம்பக்கத்திலும் வாழ்கிறவர்கள் சேர்ந்து அந்தச் சங்கத்தைப் பதிந்தார்கள். அங்கே வசதியில்லாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்புவது நோக்கம். பொருளாளர் யார் என்று கேட்டபோது, ஒரு வருடத்து 'செட்' ஆட்கள் இன்னொரு வருடத்து செட்டை நம்பவில்லை. மண்டபத்தில் கத்தல். கடைசியில் தலைவர் என்னைக் காட்டினார்.

"இவன் ஒரு செட்டோடையும் படிச்சு முடிக்கேல்லை. இவனே இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். எனக்கு வேண்டாம் என்று நான் சொன்னது கைதட்டலில் கேட்கவில்லை.

தலைவர் டுசல்டோர்ஃபில் தமிழ்க்கடை வைத்திருக்கிறார். என்னைவிடச் சில வயது மூத்தவர். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே விமானத்தில் இறங்கி, மேற்கு ஜெர்மனிக்கு வந்து, ஒரே அகதி விடுதியில் கிடந்தோம். அவர் வந்த இடத்திலேயே காலை ஊன்றிக் கடையைக் கட்டினார். எனக்கு அது வராது. உணவகச் சமையலறை, பூந்தோட்டம், வீட்டுச் சாமான் ஏற்றும் லொறி என்று ஊர் ஊராகப் போனேன். இப்போது பொதி பிரிக்கும் கிடங்கில் இரவில் அரைநேர வேலை. பகலில் சும்மா இருக்கிறவன் என்பதால் சங்கத்தின் எல்லா அலைச்சலும் என் தலையில்.

பணம் தருகிறவர்களுக்கு நாங்கள் ஒரு சான்றுச் சீட்டு கொடுப்போம். டொச்சு மொழியில் குவிட்டுங் என்பார்கள். அதை வரிக் கணக்கோடு காட்டினால், கொடுத்த தொகையை வருமானத்தில் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி போடுவார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் டிசம்பர் வந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை.

"தம்பி, ஐந்நூறு தந்தால் ஐந்நூறும் திரும்பி வருமோ?"

"இல்லை அக்கா. உங்கடை வரியிலை கொஞ்சம் குறையும்."

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு?"

"அது உங்கடை சம்பளத்தைப் பொறுத்தது."

"எங்கடை மச்சாளுக்கு நல்லாத் திரும்பி வந்ததாமே."

"அவவின்ரை சம்பளம் பெரிசு அக்கா."

"அப்ப நான் உழைக்கிறது சின்னன் எண்டுறீரோ?"

இப்படித்தான் போகும். பெரிய சம்பளக்காரருக்கு அதிகம் குறையும், சின்னச் சம்பளக்காரருக்குக் கொஞ்சம் குறையும். என் சம்பளத்துக்கு வரியே கிடையாது. ஆகவே நான் கொடுப்பதில் ஒரு சதமும் திரும்பி வராது. இதைச் சொன்னபோது தலைவர், "அப்ப புண்ணியம் முழுக்க உனக்கு. எங்களுக்குள்ளை உனக்குத்தான் சொர்க்கம்" என்றார்.

இது போதாதென்று பதாகை. எங்கள் ஆட்கள் சும்மா கொடுப்பதில்லை. தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு, மகளின் பிறந்தநாளுக்கு, புதுவீடு குடிபூரலுக்கு என்று ஒரு காரணத்தோடு கொடுப்பார்கள். ஊரில் பள்ளிக்கூட மண்டபத்தில் பதாகை கட்ட வேண்டும். அதில் செத்தவரின் படமோ கேக் வெட்டும் குழந்தையின் படமோ ஆளுயரத்துக்கு இருக்க வேண்டும். கீழே பிள்ளைகள் வரிசையாக நின்று பண உறையைப் பிடிக்க வேண்டும். அந்தப் படம் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தால் என்னைத்தான் கேட்பார்கள், ஏதோ நான்தான் அங்கே கமராவோடு நிற்பதுபோல.

போன வருடம் தலைவர் தன் தாயின் நினைவாக ஒரு பிள்ளையின், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தரப் படிப்பு முழுவதையும் பொறுப்பெடுக்கிறேன் என்றார். பள்ளிக்கூட அதிபர் தந்த பெயர்களில் முதலாவது ஒரு பெண்பிள்ளை. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். மாத முடிவுக்குள் பணம் கட்டாவிட்டால் விடுதி இடம் வேறொருவருக்குப் போய்விடும். "இவளையே குடுங்கோ" என்றார் தலைவர். பதாகைக்கும் சொல்லியாகிவிட்டது. அப்போது அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, ஒரு சிக்கல். பிள்ளை காசை நன்றியோடை எடுப்பாளாம். கடிதம் எழுதுவாளாம். ஒவ்வொரு தவணையும் றிப்போட் அனுப்புவாளாம். ஆனால் பனருக்குக் கீழை நிக்க மாட்டாளாம்."

"தாய் என்ன சொல்லுறா?"

"தாயும் நானும் சொல்லிக் களைச்சுப் போனம். போன முறை நிண்ட பிள்ளையளை வகுப்பிலை 'பனர் பிள்ளையள்' எண்டு கூப்பிடுறாங்களாம். தனக்கு அது ஏலாதாம்."

நான் தலைவரிடம் சொன்னேன். கடையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"காசு வாங்கக் கை வருமாம், படத்துக்கு முகம் வராதாமோ? அம்மான்ரை திவசம் தம்பி இது. நிக்கிற பிள்ளை ஒண்டைப் பார்க்கச் சொல்லு."

"நிக்கிற பிள்ளைக்கு விடுதி தேவையில்லையே அண்ணை."

"அது எனக்குத் தெரியாது."

இந்த நேரம் பார்த்து வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சங்கம் வரிவிலக்குக்குத் தகுதியானதா என்று சில வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். வெளிநாட்டுக்குப் போன பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போனதா, ஆதாரம் அனுப்புங்கள் என்றிருந்தது. தகுதி போனால் குவிட்டுங் இல்லை. குவிட்டுங் இல்லையென்றால் முக்கால்வாசிப் பேர் தரமாட்டார்கள். அந்தப் பெண்பிள்ளை மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆபத்து. நிர்வாகசபை கூடி ஆதாரம் தயாரித்தது. என்ன ஆதாரம்? இத்தனை வருடத்துப் பதாகைப் படங்களையும் நிறத்தில் அச்சடித்து, கல்யாண அல்பம்போலக் கட்டினார்கள். நேரில் விளக்கினால் சுகம் என்று தலைவர் சந்திக்க நேரம் கேட்டு டெர்மின் எடுத்தார். நானும் போனேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண். அல்பத்தை நிதானமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி டொச்சில் கேட்டார்:

"இந்த வயதான பெண்மணிதான் மாணவியா?"

"இல்லை, அவர் என் நண்பரின் மாமியார். இறந்துவிட்டார்" என்றார் தலைவர்.

"இந்தக் குழந்தை?"

"டோர்ட்முண்டில் இருக்கிற ஒருவரின் மகன். ஐந்தாவது பிறந்தநாள்."

"அப்படியானால் உதவி பெற்றவர்கள் எங்கே?"

தலைவர் விரலால் காட்டினார். மாமியாரின் முழங்காலுக்குக் கீழே சில தலைகள் தெரிந்தன. ஒரு பிள்ளையின் முகத்தைப் பண உறை மறைத்திருந்தது.

"பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் தோளில் போட்டிருக்கும் இந்தச் சால்வைகள் நன்கொடைப் பணத்தில் வாங்கியவையா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தவரை நான் மேசைக்குக் கீழே காலால் தட்டினேன். அவர் வேறு பக்கம் போய் இன்னும் பெரிய குழியில் விழுந்தார். "நன்கொடை தருகிறவர்கள் மிகுந்த பொறுப்போடு பிள்ளையைத் தாங்களே தெரிவு செய்கிறார்கள்" என்றார், பெருமையாக.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கொடுப்பவர் தான் விரும்பிய ஆளைக் குறித்துக் கொடுத்தால் அது அன்பளிப்பு, அதற்கு வரிச்சலுகை கிடையாது என்றார். பிள்ளையைச் சங்கம் தெரிவு செய்ய வேண்டும். பள்ளிக்கூடம் எழுதித் தர வேண்டும், பணம் பெற்றதற்குக் கையெழுத்து வேண்டும். படங்கள் தேவையில்லை. "பிள்ளைகளின் முகத்தை இப்படி ஊரெல்லாம் அனுப்ப அவர்களிடம் கேட்டீர்களா?" என்றும் கேட்டார். சரியான ஆதாரத்தை அனுப்ப அவகாசம் தந்தார். அல்பத்தை எங்களிடமே திருப்பித் தந்தார்.

திரும்பும்போது ட்ராமில் தலைவர் அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"படம் தேவையில்லையாம். பேந்து எப்பிடி நம்புறதாம்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணை, அகதி விடுதியிலை இருக்கேக்கை தேவாலயத்து ஆக்கள் வந்து குளிர்க்கோட் தந்தவை. ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லை? எனக்கு மண்ணிறம்."

"போட்டுக்கொண்டு நிக்கச் சொல்லிப் படம் எடுத்தவை."

"ஓம். குளிருக்கு நிண்டம்." மடியிலிருந்த அல்பத்தை மூடினார். "நல்ல கோட் அது."

நல்ல கோட்தான். நான் அதை நெடுங்காலம் போட்டேன். அந்தப் படத்தை மட்டும் இன்றுவரை பார்க்கவில்லை. யாரோ ஒருவரின் அலமாரியில் நான் இன்னும் அந்தக் கோட்டோடு நின்றுகொண்டிருக்கலாம். அதைப் பற்றி நான் அழவில்லை. ஆனால் நிற்க மாட்டேன் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு முடிகிறதென்றால், அவளை ஏன் நாங்கள் பிடித்து நிறுத்த வேண்டும்?

"அப்ப அம்மாவுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார் தலைவர். தாயின் செத்தவீட்டுக்கு அவரால் போக முடியவில்லை. அப்போது சண்டைக்காலம், பாதை இல்லை. அது எனக்குத் தெரியும்.

"அம்மா பனரிலை இருக்கட்டும். உங்கடை சொந்தக் காசிலை அடியுங்கோ. பிள்ளை படிக்கப் போகட்டும்."

ட்ராம் நின்றதும் அல்பத்தோடு இறங்கிப் போனார். ஆனால் அடுத்த நாள் காசை யாருடைய பெயரும் குறிக்காமல் சங்கத்துக் கணக்கில் போட்டார். நிர்வாகசபை கூடியது. அதிபரின் பட்டியலை வைத்து நாங்கள் பேசத் தொடங்கியதும், "எனக்கு இதிலை சம்பந்தமில்லை, சட்டம்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் வாசலுக்குப் போய்த் தேநீர் குடித்தார். முதல் பெயரே முடிவானது. மாதம் முடியுமுன்னே, அன்றே பணம் போனது. அந்த ஞாயிறு பிள்ளை தன் பெட்டியோடு விடுதிக்குப் போய்விட்டாள் என்று அதிபர் செய்தி அனுப்பினார்.

திவசத்தன்று படம் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் தலைவரின் தாய் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே வெறும் சீமெந்து நிலம், ஒரு ஓரத்தில் அடுக்கிய கதிரைகள். வாட்ஸ்அப் குழுவில் உடனே கேள்வி: "எங்கை பிள்ளையைக் காணேல்லை?" தலைவர் எழுதினார்: "பிள்ளை படிக்கப் போயிட்டுது. நிக்க நேரமில்லை." எண்பது பேர் கைகூப்பும் குறி போட்டார்கள். அது ஏதோ அவரே யோசித்த புதுமை என்று பாராட்டும் நடந்தது. நான் தொலைபேசியை வைத்துவிட்டுச் சோறு போட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. தலைவர்தான்.

"தம்பி, ஒரு சின்னக் கேள்வி. இந்தப் பனர் அடிச்ச காசை வரியிலை கழிக்க ஏலுமோ?"