பெயர் மட்டும் பிழைத்தது

மில் இன்ஜினீயரின் மனைவிக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் துரைசானி மதுரைக்கு வந்து மூன்று வருஷமாகியும் நாக்கில் ழகரம் ஏறவில்லை. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. ஸ்காட்லாந்தில் அவளுடைய ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் இருநூறு வருஷமாக எழுதி வைத்திருக்கிறார்களாம். அவள் அண்ணன் அங்கே உட்கார்ந்து அவற்றைப் புரட்டி, தபாலுக்கு ஒரு பாட்டனாக அனுப்பிவைப்பான். இவள் இங்கே பெரிய தாள் ஒன்றில் வம்சமரம் வரைவாள். செருப்புத் தைத்தவன், ஆடு மேய்த்தவன், அந்த ஆட்டைத் திருடி மாட்டிக்கொண்டவன், எல்லாருக்கும் அதில் ஒரு கிளை உண்டு. மற்ற துரைசானிகளைத் தேநீருக்குக் கூப்பிட்டு அதை விரித்துக் காட்டுவதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். ஆடு திருடினவனுக்குக்கூட இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், உங்கள் மரம் எங்கே?"

எங்கள் மரம் அப்பாவோடு நின்றுவிடும். தாது வருஷப் பஞ்சத்தில், அலங்காநல்லூருக்கும் வடக்கே ஏதோ ஒரு பட்டியிலிருந்து அவருடைய தாய் அவரையும் தங்கையையும் நடத்திக் கூட்டிவந்து மிஷன் வாசலில் உட்காரவைத்தாள். "தங்கச்சி கைய விட்றாத ராசா, இந்தா வாரேன்" என்று போனவள் திரும்பவில்லை. உள்ளே ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம். கூட்டத்தோடு கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்துப் புதுப்பெயர் வைத்தார்கள். தங்கைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதே அப்பாவுக்குத் தெரியாது. சில நாளில் அவரை வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கை அவர் விட்ட கை அல்ல, மற்றவர்கள் பிரித்த கை. அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, இளைப்பு நோயோடு வீட்டில் இருந்தார். "சாகுறதுக்குள்ள அவ மொகத்தை ஒருக்கப் பாத்துட்டாப் போதும், தாயி" என்பார். வேலையில் இருந்த காலத்தில் மாறி மாறி வந்த பாதிரிமாரிடமெல்லாம் கேட்டிருக்கிறார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும், பதிவேட்டை நாம் பார்க்கலாமே என்று கேட்கிற தைரியம் சம்பளம் வாங்குகிற வாத்தியாருக்கு எங்கிருந்து வரும்?

ஆயுசெல்லாம் அப்பாவுக்குத் திறக்காத மிஷன் அலமாரி, துரைசானி எழுதிக்கொடுத்த ஒரு துண்டுச் சீட்டுக்குத் திறந்தது. பஞ்ச வருஷத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து இருந்தார்கள். அண்ணன், தங்கை என்று ஓரத்தில் குறிப்பு. அப்பா சொல்லியிருந்த பழைய பெயர்களும் அப்படியே இருந்தன. தங்கையின் புதுப்பெயரைப் பார்த்ததும் துரைசானி துள்ளினாள். அவள் நாட்டுப் பெயராம் அது. அந்தக் காலத்தில் சீமையில் ஒரு சபை இங்கே ஒரு பிள்ளையின் சோற்றுக்குப் பணம் அனுப்பும். பணம் கொடுக்கிறவர் சொல்கிற பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பதிவேட்டுக்குப் போனேன். இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே பெயர், மிஷன் விடுதிப் பெண், மாப்பிள்ளை வாடிப்பட்டிப் பக்கத்து உபதேசியார். அடக்கப் பதிவேட்டை நான் திறக்கவில்லை. கல்யாணமாகிப் போனவளை அடக்கத்தில் எவள் தேடுவாள்?

அன்றைக்கு அப்பா அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் ஒரு சுங்குடிச் சேலை வாங்கிவந்தார். காகிதம் போட்டுப் பதில் வரட்டும் என்றேன், கேட்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அவசரம்தான்.

வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்க வாங்க நடந்தார். வேதக்கோயிலை ஒட்டிய வீட்டு முற்றத்தில் ஒரு கிழவி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். விதவை, கணவர் அந்த ஊர்ச் சபையின் பழைய உபதேசியார். அப்பா எதிரே போய் நின்று, தங்கையின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று கிழவி திரும்பிப் பார்த்தாள்.

நான் முந்திக்கொண்டு பதிவேட்டில் பார்த்ததைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பாயை உதறிப் போட்டாள்.

"ஒக்காருங்கண்ணே. நான் அந்தப் பிள்ளை இல்ல. எங்கூடப் பெறந்தவன் வர்ற வழியிலேயே போய்ட்டான். என் கண்ணு முன்னாலதான் போனான்."

"பேரு..." என்றார் அப்பா.

"பேரு அவளோடதுதான். எனக்கு முன்ன அந்தப் பேர்ல ஒரு பிள்ளை கெடந்துச்சு. வாந்திபேதியில போயிருச்சு. மறுநாளே அதோட பேரையும் பாவாடையையும் எனக்குக் குடுத்துட்டாங்க. சீமைப் பணம் அந்தப் பேருக்குல்ல வருது? பேரு போச்சுன்னா பணமும் நின்னுருமே. அவங்களைக் குத்தஞ் சொல்ல மாட்டேண்ணே, அந்தக் காசுலதான் எங்களுக்குக் கஞ்சி."

"நீ அவளைப் பாத்தியா ஆத்தா?"

"இல்லண்ணே. நான் வந்தப்ப அந்தப் பாயி காலியாக் கெடந்துச்சு."

அப்பா சேலையை அவளிடமே கொடுத்தார். அவள் வாங்க மறுத்தாள். பிறகு, மறுத்தால் அவர் அங்கேயே விழுந்துவிடுவார் என்று பயந்தோ என்னவோ, வாங்கிக்கொண்டு அழுதாள். வந்தது அண்ணன் இல்லையே என்று அவளுக்கும் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் தனியாகப் போய் அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். செத்தது எந்த நாள், புதைத்தது எந்த இடம், அதையாவது அப்பாவிடம் சொல்லலாம் என்ற நப்பாசை. அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குப் பெயரே எழுதவில்லை. தேதியும் எண்ணிக்கையும் மட்டும். எத்தனை பேரைத்தான் எழுதுவார்கள்? சீமையில் பணம் அனுப்பினவர்களைப் பொறுத்தவரை என் அத்தை செத்ததே இல்லை. வளர்ந்தாள், வேதம் படித்தாள், உபதேசியாருக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்தச் சபையார் திருப்தியாகக் கண்ணை மூடியிருப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. கஞ்சி ஊற்றினவர்கள்மேல் கோபப்படுகிறோமே என்று என்மேலும் வந்தது. எந்தக் கோபத்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

புறப்படும் முன் ஞானஸ்நானப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டினேன். இந்தத் தடவை அப்பாவின் பக்கத்தோடு நிற்காமல் முந்தின பக்கங்களுக்கும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தங்கையைப் பற்றிக் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர், அந்த ஒரு வாரத்தில் தானாகவே நான் அன்று போய் நின்ற அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"எம் பேர்ல எனக்கு முன்ன எவனும் இருந்தானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒருத்தன் இருந்தாம்ப்பா. உங்களுக்கு ரெண்டு மாசம் முந்தி."

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"அவனுக்குத் தங்கச்சி இருந்துச்சான்னு போட்டிருக்கா தாயி?"