நாரை பறக்கும்வரை வெட்டாதே

பறவை பார்க்கக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு முன்பு எங்கள் ஊர் ஏரியில் நின்ற எல்லாமே எனக்குக் கொக்குதான். வெள்ளையாக நின்றால் கொக்கு, கறுப்பாக நின்றால் கறுப்புக் கொக்கு. திருமானூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். வீட்டுக்காரர் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறார். கொல்லைக் கதவைத் திறந்தால் ஏரிக்கரை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கதவைத் திறந்து குப்பை கொட்டியிருக்கிறேன், துணி காயப்போட்டிருக்கிறேன். ஏரியை நின்று பார்த்ததில்லை.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு இலவசமாகச் சுற்றுச்சூழல் வகுப்பு நடத்துகிறார்கள் என்று மகளின் பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பினார்கள். பிள்ளைகள் வந்தால் கூடவே வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டுமாம். மகளுக்குத் துணையாகத்தான் போனேன். அரியலூர் போய் பஸ் மாறி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதியைத் தின்றுகொண்டே போக வேண்டும். இரண்டாவது வாரமே மகள், "போரடிக்குதும்மா, நான் வரல" என்று சொல்லிவிட்டாள். நான் தனியாகப் போனேன்.

வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"கொக்கைப் பாக்க பஸ் ஏறி பெரம்பலூர் போவணுமா? வூட்டுக்குப் பின்னாலதான நிக்குது?"

"இத்தனை வருசமா நிக்குது. நீங்க பாத்தீங்களா, நான் பாத்தேனா?"

"பாத்து என்ன பண்ணப்போற?"

"தெரியல. போயிட்டு வந்து சொல்றேன்."

வகுப்பு எடுத்த டீச்சர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு பழைய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். படம் காட்டுவதோடு நிறுத்தமாட்டார். குளத்துக்குக் கூட்டிப்போய், "என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்கக்கா. தெரியாததைச் சொல்லாதீங்க" என்பார். அலகு நடுவில் இடைவெளி விட்டு மூடுகிறதே, அது நத்தைகுத்தி நாரை. கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பாம்பு போல நீந்துகிறதே, அது பாம்புத்தாரா. முதல் தடவை பைனாகுலர் வழியாக நாரையின் கண்ணைப் பார்த்தபோது, யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நான் எட்டிப்பார்த்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது.

வகுப்பு முடிந்த அன்று டீச்சர் சொன்னார்: "இனிமே இங்க வராதீங்க. உங்க ஊர்ல உங்க ஏரியைப் பாருங்க. கூட நாலு பேரைச் சேத்துக்குங்க."

சேர்த்துக்கொண்டேன். முதலில் வந்தது பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை வைத்திருக்கும் பெண். ஏரி வடிகாலுக்குப் பக்கத்துத் தெரு அவளுடையது. அவள் அப்பா, அம்மா எல்லாம் எங்கள் பக்கத்து வயல்களில் கூலிக்கு நடவு செய்தவர்கள். அவள் கடை போட்டு, தம்பிக்கும் வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டாள். எங்கள் தெருப் பெண்களும் அவள் தெருப் பெண்களும் சேர்ந்து ஒரு வேலையாகக் கரையில் நடந்தது அதுவரை கிடையாது. அதையும் சிலர் முணுமுணுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்போம். பறவைகளைப் பார்த்து, பெயர் சொல்லி, கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் கவர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவோம். பிராய்லர் கடைக்காரர் கோழிக் கழிவை ஏரியில் கொட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் போய்க் கடை முன்னால் நின்று கேட்டோம். முதலில் சண்டை போட்டார். பிறகு கொட்டுவதை நிறுத்தினார். எனக்கு ஊரில் "கொக்கு டைலர்" என்று பெயர் வந்தது. ஜாக்கெட் தைக்க வருகிறவர்களே அப்படித்தான் வழி கேட்டு வந்தார்கள். அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படாமல் திரும்பிப் பார்த்தேன். அதோடு கேலி செய்தவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

மழை நன்றாகப் பெய்த வருசம் அது. ஏரி நிறைந்திருந்தது. நடுவில் இருக்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டிவிட்டன. மார்கழி முடிவதற்குள் குஞ்சுகளின் சத்தம் எங்கள் கொல்லைவரை கேட்கும். ஒரு காலையில் பார்த்தால் கரையோர மரங்களில் சிவப்புப் பெயிண்ட்.

இட்லிக் கடைக்காரிதான் விசாரித்து வந்தாள். "ஏரி மரம் எல்லாத்தையும் ஏலம் விடப்போறாங்களாம்க்கா. பேசி முடிச்சாச்சாம். கிராம சபையில தீர்மானம் போடறது மட்டும்தான் பாக்கி."

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பெண். ஆனால் எதைக் கேட்கப் போனாலும் பேசுவது அவர் வீட்டுக்காரர்தான். நாங்கள் போனபோதும் தலைவர் உள்ளே இருந்தார், அவர் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த மரத்தை வளத்ததே வெட்டத்தானம்மா," என்றார். "தெரு விளக்கு போடணும், தண்ணி டேங்க் ரிப்பேர் பண்ணணும். பஞ்சாயத்துக்கு வேற வருமானம் எங்க இருக்கு?"

"வெட்டவே வேணாம்னு சொல்லலீங்க. குஞ்சு பறக்கட்டும். பங்குனி கழிச்சு வெட்டுங்க."

"காண்ட்ராக்டர் உன் குஞ்சுக்காகக் காத்துக்கிட்டிருப்பானா?"

"நாங்க தலைவர்கிட்ட பேசணும்ங்க."

"என்கிட்ட பேசினா அவகிட்ட பேசின மாதிரிதான். போயிட்டு வாங்க."

வீட்டிலும் அதே கதைதான். என் வீட்டுக்காரருக்கு அந்த மரங்கள் போனால் சந்தோஷம், பறவைகளும் போய்விடும் என்று. ஏரியிலிருந்து நீலத் தாழைக்கோழிகள் கூட்டமாக வந்து நெல் பயிரை மிதித்துச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். வரப்பில் தகரத்தைத் தட்டித் தட்டி அவருக்குக் கை ஓய்ந்துபோகும். அவர் கோபம் நியாயமானது.

"பயிரைத் தின்னுறது தாழைக்கோழி. அது கோரைக்குள்ள இருக்கு," என்றேன். "மரத்துல இருக்கறது நாரை. அது நம்ம வயல்ல நத்தையப் பொறுக்கித் தின்னுது. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒரு நாள் காலையில வந்து பாருங்களேன்."

"வேலை இருக்கு" என்று போய்விட்டார்.

டீச்சருக்குப் போன் செய்தேன். கிராம சபைக்கு வந்து பேச முடியுமா என்று கேட்டேன். "நான் வந்தா வெளியூர்க்காரி பேச்சுன்னு தள்ளிடுவாங்கக்கா. உங்க ஏரி, நீங்க பேசினாதான் எடுபடும்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. வந்து பக்கத்தில் நின்றிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட வளாகத்தில் கிராம சபை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு, பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்துச் செயலர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்தார். குடிநீர், கொசு மருந்து, சாலை. அதே வேகத்தில் ஏரி மரமும் போனது. நான் எழுந்தேன்.

"அதைத் திருப்பி வாசிங்க சார்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. உக்காரும்மா," என்றார் தலைவரின் வீட்டுக்காரர். அவருக்கு அந்தப் பந்தலில் எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் உக்காரலைங்க. நீங்க பேசாதீங்க. தலைவர் பேசட்டும்."

பின்னால் ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. அங்கேதான் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தில் குஞ்சு இருக்கிறது, இப்போது வெட்டினால் எல்லாம் தண்ணீரில் விழும், பங்குனிக்குப் பிறகு எடுங்கள் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். "கொக்குக்காக ஊரு வருமானத்தை விட்டுடணுமா?" என்றார்.

அப்போது இட்லிக் கடைக்காரி எழுந்தாள். அவள் நாரையைப் பற்றிப் பேசவே இல்லை.

"போன தடவை கரையில இருந்த மரத்தை வேரோட புடுங்குனீங்க. அடுத்த மழையில கரை எங்க உடைஞ்சுது? எங்க தெருவுல. எங்க வூட்டுக்குள்ளதான் தண்ணி நின்னுச்சு. நாங்க அப்ப ஸ்கூல்ல வந்து படுத்தோம், இதே இடத்துல. கரை மரத்துக்கும் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. இந்தத் தடவை எங்க போய்ப் படுக்கறது?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் தெருப் பெண்கள் எழுந்து நின்றார்கள். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்னோடு நடப்பவர்களும் எழுந்தார்கள். செயலர், "உங்க ஆட்சேபணையக் குறிச்சுக்கறேன், எல்லாரும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

"என்ன குறிச்சீங்கன்னு வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடறோம்," என்றேன்.

வெயில் ஏறியது. ஆண்கள் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். தலைவர் அதுவரை குனிந்து சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு செயலரிடம் மெதுவாக, "கரை மரம் வேணாம். ஏரிக்குள்ள இருக்கறது பங்குனி கழிச்சு. அப்படியே எழுதுங்க சார்" என்றார். அவர் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் அவர் பக்கம் பார்க்காமலே, "எழுதுங்க" என்றார் இன்னொரு தடவை. அது ஏரிக்காகவா, தன் நாற்காலிக்காகவா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில நாள் கழித்துக் காலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது ஏரிப் பக்கம் மிஷின் ரம்பச் சத்தம் கேட்டது. கத்திரியைப் போட்டுவிட்டு ஓடினேன். கீழண்டைப் பக்கம் ஆட்கள் இறங்கி மரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கனவே சில மரங்கள் தண்ணீரில் கிடந்தன. கூடுகள் சிதறி, பஞ்சு போலக் குஞ்சுகள் சேற்றில் மிதந்தன. சிலவற்றில் உயிர் இருந்தது, பலவற்றில் இல்லை. தாய்ப் பறவைகள் மேலே சுற்றிக்கொண்டே இருந்தன. குஞ்சுதான் கத்தும், வளர்ந்த நாரைக்குக் கத்தத் தெரியாது. அலகைத் தட்டத்தான் தெரியும். அந்தச் சத்தத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். முழங்கால்வரை சேறு. அடுத்து வெட்டப்போன மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரம்பம் பிடித்திருந்தவர், "தள்ளுங்கக்கா, எங்களைக் கூலிக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

"தெரியுது. உங்க மேல கோவம் இல்ல. ஆனா நான் தள்ளமாட்டேன்."

இட்லிக் கடைக்காரி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கி ஆளுக்கொரு மரத்தடியில் நின்றோம். காண்ட்ராக்டரின் ஆள் கரையிலிருந்து, ஏலம் முன்பே பேசி முடித்தது, தீர்மானம் எல்லாம் தனக்குத் தெரியாது என்று என்னென்னவோ பேசினார். வீட்டுக்காரரும் கரைக்கு வந்தார். "வூட்டுக்கு வா" என்றார். "வரல" என்றேன். அவர் கரையிலேயே நின்றார். ரம்பக்காரர் மிஷினை அணைத்துவிட்டுக் கரையேறி பீடி பற்றவைத்தார். தீர்மானத்தின் நகலோடு செயலர் வந்து ஆட்களைத் திருப்பி அனுப்புவதற்கு மதியமாகிவிட்டது. அதுவரை நாங்கள் வெளியே வரவில்லை.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கரையில ஒருத்தன் உன்னைக் கேவலமாப் பேசினான். நல்லாத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அதுக்காகத் தாழைக்கோழிய மன்னிச்சுட்டேன்னு நினைக்காத."

"நினைக்கல," என்றேன். குழம்பு ஊற்றினேன்.

கீழண்டை மரங்கள் போனது போனதுதான். மேலண்டையில் இருந்த குஞ்சுகள் பங்குனியில் பறந்தன. அதற்குப் பிறகு அங்கேயும் கொஞ்சம் வெட்டினார்கள். நாங்கள் தடுக்கவில்லை, ஒப்புக்கொண்டது அதுதானே. வெட்டின இடத்தில் கன்று வைக்க வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் கேட்டு எழுத வைத்தோம். வைத்தவற்றில் பாதியை ஆடு மேய்ந்துவிட்டது. மறுபடியும் வைத்தோம், முள் வெட்டிவந்து வேலி போட்டோம்.

எனக்கு நஷ்டமும் இல்லாமல் இல்லை. தலைவர் வீட்டுச் சொந்தக்காரர்கள் என்னிடம் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு நாள் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று கேட்டேன். வம்பு எதற்கு என்று மறுத்துவிட்டார்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை யாருடைய அனுமதியும் தேவையில்லை. கரை எல்லாருக்கும் பொது. வருகிற பிள்ளைகள் இப்போது பறவை பெயரோடு, கிராம சபை எப்போது கூடும், அதில் யார் பேசலாம், தீர்மானத்தின் நகலை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதையும் சொல்வார்கள். பெரம்பலூரில் எனக்குச் சொல்லித்தராத பாடம் அது.

போன வாரம் தலைவரின் வீட்டுக்காரர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்றார். "இந்த வருசமும் மழை நல்லா இருக்கு. ஏரி நிறைஞ்சிருக்கு. மறுபடியும் தகராறு பண்ணுவியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஏலம் போட்டீங்கன்னா பண்ணுவேங்க," என்றேன். நான் சிரிக்கவில்லை.