பானட்டின் மேல் வைத்த ஏழாவது ரெக்கார்டு

அந்த இங்கிலாந்து இசைக்குழு மொத்தம் பதினோரு ரெக்கார்டு போட்டிருந்தது. பதினொன்றும் ஆம்பூரில் ஒரே ஒருவரிடம் இருந்தன. நான் கெமிஸ்டாக இருந்த தோல் தொழிற்சாலையின் சின்ன முதலாளி அவர். இங்கிலாந்தில் தோல் படிப்பு முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியவர். அவர் பெட்டியில் துணிமணியைவிட ரெக்கார்டுதான் ஜாஸ்தி. ஒருநாள் லேபுக்கு வந்து, "தோஸ்த், ப்ராகிரசிவ் ராக் கேட்டிருக்கியா?" என்றார். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "கொஞ்சம் கொஞ்சம்" என்று அடித்துவிட்டேன்.

மறுநாளே முதல் ரெக்கார்டு வந்தது, நிபந்தனையோடு. "வரிசையாத்தான் கேக்கணும். ஒண்ணு திரும்பி வந்தாத்தான் அடுத்தது. எதுனா ஆச்சுன்னா அத்தோட கட்."

வேலூரில் வீட்டுக்குப் போய்ப் போட்டேன். பத்து நிமிடம் ஆகியும் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, இன்னும் பாடவே ஆரம்பிக்கல? மெஷின் ரிப்பேரா?" எனக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஆனால் மூன்றாவது ரெக்கார்டில் எங்கேயோ மாட்டிக்கொண்டேன். முதலில் தயங்கித் தயங்கி வாசித்த ஆர்கன்காரர் ஐந்தாவதில் மற்ற எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அதில் அந்த மனுஷன் வளர்வது காதில் கேட்டது. அடுத்து என்ன செய்வாரோ என்ற நினைப்பிலேயே தோலுக்குச் சாயம் கலக்கினேன்.

ஏழாவதை வாங்கிய அன்று பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. டிரைவர் பக்கத்தில் எஞ்சினை மூடியிருந்த பானட்டின் மேல் பையை வைத்தேன். ஆம்பூரிலிருந்து வேலூர் வரை எஞ்சின் கொதித்த கொதிப்பு எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டில் உறையைப் பிரித்தால், ரெக்கார்டின் ஓரம் சுட்ட அப்பளம் மாதிரி தூக்கி நிற்கிறது! இரண்டாம் பக்கத்தில் முள் ஓர் இடத்தில் எகிறிக் குதித்தது. வேலை போகாது, தெரியும். ஆனால் மீதி நாலு ரெக்கார்டும் போய்விடும். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? என்னையே திட்டித் தீர்த்தேன். இரண்டு நாள் சின்ன முதலாளி வந்த பக்கமே நான் போகவில்லை.

மூன்றாம் நாள் கண்ணாடி ரூமில் நின்றிருந்தேன். ஈரத் தோலைப் பெரிய கண்ணாடிப் பலகையில் ஒட்டிச் சூட்டில் காயவைக்கும் அறை அது. அங்கே வேலை செய்தவர் என் முகத்தைப் பார்த்து, "இன்னா சார் பேஜாரா கீறீங்க?" என்றார். சொன்னேன். "ஈரத் தோலே நேராவுது, இது ஆவாதா? எடுத்தாங்க சார்."

மறுநாள் மதியம் சூட்டை அணைக்கச் சொன்னேன். மிச்சமிருந்த வெதுவெதுப்பில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ரெக்கார்டை வைத்து, மேலே பாரத்துக்குத் தோல்களைக் கட்டாக ஏற்றினோம். உருகிவிட்டால்? நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். "கைய எடுங்க சார், ஆறட்டும்" என்று அதட்டினார் அவர். சாயங்காலம் எடுத்தபோது தட்டையாக இருந்தது. அப்பாடா! அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் போட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. நேரே சின்ன முதலாளியின் மாடி அறைக்குப் போய் நீட்டினேன். அவர் உடனே பிளேயரில் வைத்தார், அதுவும் இரண்டாம் பக்கத்தை.

பாட்டு ஓடியது. திடீரென்று கையைத் தூக்கினார். "இரு, இப்ப குதிக்கும் பாரு."

குதிக்கவில்லை. ஆர்கன் தங்குதடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "யா அல்லா! கப்பல்ல வந்தப்பவே இது வளைஞ்சு போச்சு தோஸ்த். இந்த எடத்த நான் ஒருதடவகூட கேட்டதில்ல. நீ இன்னா பண்ணே?"

நான் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். நிம்மதியோடு கோபமும் பொங்கியது. "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா சார்? நாலு நாளா சோறு எறங்கல எனக்கு!" என்று கத்தி, பஸ் பானட்டிலிருந்து கண்ணாடி ரூம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து போய், எட்டாவதோடு ஒன்பதாவதையும் சேர்த்து என் கையில் திணித்தார்.

"இந்த ஒம்பதாவது அதவிட மோசம், முள்ளே நிக்காது. நேராக்கி மொதல்ல நீ கேளு. அதுல இன்னா இருக்குன்னு எனக்கு வந்து சொல்லு."